பாள்ணாகரின் கதவைத் தட்டுவது யார்?

மும்பையில் குடியிருக்கும் உங்களுக்குப் 'பாள்ணாகர்' என்னும் சொல்லை விளக்கவேண்டியதில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கியவர்களுக்காகச் சொல்லுகிறேன்: மராத்தியில் பாள்ணா என்றால் தொட்டில், கர் என்றால் வீடு. ஊரில் ஆச்சியின் மடியில் வளரவேண்டிய பிள்ளை இந்நகரத்தில் காலை எட்டு மணிக்கு அடுத்த வீட்டு அம்மாவிடம் ஒப்படைக்கப்படுகிறது. பெரும்பாலும் அங்கே பெயர்ப்பலகையும் இல்லை, பதிவும் இல்லை.

எங்கள் சாலின் மூன்றாம் மாடியில் அப்படி ஒருவர் இருக்கிறார். நம் சபையைச் சேர்ந்த விதவை. எல்லாருக்கும் அவர் அக்கா. ஒரே அறையில் ஏழு பிள்ளைகள்.

2016 நவம்பரில் நவி மும்பை கார்கரிலுள்ள ஒரு காப்பகத்தில் பத்து மாதக் குழந்தையை ஆயா அடித்த காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே கேமரா இருந்தது. ஆனாலும் பிள்ளையின் காயத்தைத் தாய் கண்டபின்புதான் அப்பதிவைப் பார்த்தார்கள். அந்த வாரத்தில், உரிமம் இல்லாதவர்களைப் போலீஸ் பிடிக்கப்போகிறது என்ற வதந்தி எங்கள் மாடிப்படிகளில் பரவிற்று. அக்கா நான்கு நாட்கள் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை.

அந்த நான்கு நாட்களில் நடந்ததை நான் கண்டேன். வீட்டுவேலைக்குச் செல்லும் ஒருத்தி தன் கூலியை இழந்தாள். இன்னொருத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினாள். மற்றொரு வீட்டில் இரண்டரை வயதுப் பையனை உள்ளே விட்டு வெளியே பூட்டிச் சென்றார்கள். நடைபாதை முழுவதும் அவன் அழுகை கேட்டது.

சட்டமே இல்லையென்று சொல்லமுடியாது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் நிறுவனம் காப்பக வசதி அளிக்கவேண்டும் என்று மகப்பேறு பயன் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிற்று. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி உண்டு. நன்மையானதே. ஆனால் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் சகோதரி எந்த ஐம்பது பேரில் ஒருத்தி? அங்கன்வாடியோ பெரும்பாலும் அவள் வேலை முடியுமுன்னே மூடிவிடுகிறது. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களை நடத்த 2022-இல் 'பால்னா' திட்டம் வந்தது. எங்கள் தெருவுக்கு அது இன்னும் எட்டவில்லை.

வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கும் பெண்ணுக்கென்று மத்திய அரசின் தனிச் சட்டம் கிடையாது. நிறுவனக் காப்பகங்களுக்காக 2018-இல் வந்த வழிகாட்டு நெறிகள் பிள்ளை ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி இடம் கேட்கின்றன. அக்காவின் 150 சதுர அடி அறை அந்தக் கணக்கில் தேறிவிடும்! மூன்றாம் மாடியும், நடைபாதைக் கோடியிலுள்ள பொதுக் கழிப்பறையும்தான் தேறா.

ஆகையால் மேற்பார்வையே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஏழு பிள்ளைகள் நாள் முழுவதும் இருக்கும் அறையை அரசாங்கத்தில் ஒருவரும் அறியாதிருப்பது பயங்கரமான காரியம். பதிவு வேண்டும். ஆனால் அது காவல் நிலையத்தில் அல்ல, அங்கன்வாடி மேற்பார்வையாளரிடம், கட்டணமின்றி நடக்கட்டும். தொண்டையில் உணவு அடைத்தால் என்ன செய்வது, காய்ச்சலில் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று இரண்டு நாள் பயிற்சி கொடுக்கட்டும். கைக்குழந்தைகள் இத்தனை பேருக்குமேல் கூடாது என்று வரம்பு வைக்கட்டும். அவ்வீட்டில் வசிக்கும் ஆண்கள் உட்பட எல்லாரையும் விசாரிக்கட்டும். இதைவிட்டு முதல் நாளிலேயே தீயணைப்புச் சான்றும் வணிக உரிமமும் கேட்டால், அக்காவைப் போன்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாய் நடத்துவார்கள். சாத்திய கதவுக்குள் எந்த அதிகாரி பார்க்கப்போகிறார்?

அதுவரைக்கும் அந்த அதிகாரியின் வேலை உங்களுடையது, சகோதரியே. பிள்ளையை விடும்போதும் எடுக்கும்போதும் மாத்திரமல்ல, மாதத்தில் ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். ஸ்டவ் எங்கே இருக்கிறது, அந்நேரத்தில் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அக்காவிடம் நான் இதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "வரச்சொல்லும்மா, அந்த நேரத்துக்கு ஒரு கை கூட இருந்தா நான் கழிப்பறைக்காவது போய் வருவேன்" என்றார்.