தாடி வளர்த்தால் போதுமா?

மனைவி கருவுற்றிருக்கிறாள், கணவனின் கடமை யாது? ஊரைக் கேளுங்கள் தோழர்களே, உடனே விடை வரும்: முடி வெட்டாதே, முகம் மழிக்காதே, பாடை தூக்காதே! தாயும் சேயும் நலம்பெற ஆடவனுக்கு வகுக்கப்பட்ட மருத்துவம் இவ்வளவே. ஏழாம் திங்களில் வளைகாப்பு. தொடர்ந்து தாய்வீட்டுப் பயணம். குருதி குறைகிறதா, கால் வீங்குகிறதா என்பதெல்லாம் பெண்ணைப் பெற்றவளின் கவலை. மாப்பிள்ளைக்கோ தாடியே தவம்!

என் துணைவியார் முதற்குழந்தையைச் சுமந்தபோது, அவர் விருப்பப்படி, திங்கள்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடன் சென்றேன். பெண்கள் வரிசையில் மீசைக்காரன் நிற்கக் கண்டு நகைத்தோர் உண்டு. 'பெண்டாட்டிதாசன்' எனப் பட்டம் சூட்டியோரும் உண்டு. காசு கொடுத்து வாங்கும் பட்டங்களைவிட அது மேலானதே!

ஐந்தாம் திங்களில் செவிலியர் அட்டையில் 9.5 என்று எழுதினார். என்ன பொருள் என்று கேட்டேன். 100 மில்லி குருதியில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கருவுற்றவருக்குச் சோகை என்றார். இரும்புச்சத்து மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. அதையொட்டித் தேநீர் கூடாது, சத்து உடலில் சேராமல் போகும் என்றும் விளக்கினார். அன்றுமுதல் மாத்திரையை எண்ணுவதும் தேநீர் வேளையைத் தள்ளிவைப்பதும் என் வேலையாயின. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்கள் நூற்றுவரில் 52 பேர் சோகையுற்றவர்கள். அவர்தம் கணவன்மாருள் எத்தனை பேர் அந்த அட்டையைத் திறந்து பார்த்திருப்பர்?

கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம்: இவை குருதியழுத்தம் ஏறுவதன் அடையாளங்களாகலாம். நள்ளிரவில் இவை தோன்றினால், 108-ஐ அழைப்பதா, "விடியட்டும்" என்பதா என்று முடிவு செய்பவன் யார்? பேறுகால மரணங்களை ஆராய்ந்த தடியஸ், மெயின் இருவரும் 1994-இல் மூவகைத் தாமதங்களைச் சுட்டினர். அவற்றுள் முதலாவது மருத்துவமனையில் நேர்வதன்று, சாலையில் நேர்வதன்று. மருத்துவம் நாடலாம் என முடிவெடுப்பதில், வீட்டுக்குள்ளேயே நேர்வது! முடிவெடுக்கும் அதிகாரத்தை ஆண் தன் கையில் வைத்துக்கொண்டான். அதற்கு வேண்டிய அறிவையோ பெண்கள் வரிசையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

சட்டமும் அவனை அழைக்கவில்லை. மத்திய அரசு ஊழியனுக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள் உண்டு. 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டம் தாய்க்கு 26 வாரம் வரை தந்தது. ஆலையிலும் கடையிலும் உழைக்கும் தந்தைக்கு ஒரு நாளும் தரவில்லை.

திங்களுக்கு அரைநாள் விடுப்புக் கேட்டபோது என் மேலாளர் வினவினார்: "பிள்ளை பெறுவது நீரா, உம் மனைவியா?" ஊதியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். எட்டாம் திங்களில் அட்டையில் 11.2 என்றிருந்தது.