ஒரு ‘மை’ தேடுகிறேன்

ஒரு மாதமாகப் பதிவு ஒன்றும் காணோமே, உடம்புக்கு என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

நம் பள்ளி நூலகத்துக்கு முன்னாள் மாணவர்கள் கண்ணாடிக் கதவு போட்டுத் தருகிறார்கள். அதில் ஸ்டிக்கர் எழுத்து ஒட்ட வேண்டும். கடையில் உள்ள எழுத்துரு போதும் என்றார்கள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நம் ஓவிய ஆசிரியர் அந்தச் சுவரில் தூரிகையால் எழுதியிருந்தாரே, ‘நூலகம் – அமைதி காக்கவும்’, அதே எழுத்துதான் வேண்டும் என்று.

அதை அழிக்கச் சொன்னவன் நான். 2009-இல் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தபோது வெள்ளையடிக்கப் பணம் வந்தது. “நூலகச் சுவரும் சேர்த்தா சார்?” என்று கேட்டார். “ஃப்ளெக்ஸ் வைத்துக்கொள்ளலாம் சார்” என்றேன். சரி என்று வகுப்புக்குப் போய்விட்டார். அந்த ஃப்ளெக்ஸ் இரண்டே வருடத்தில் வெளுத்துக் கிழிந்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அவரும் இல்லை.

மிச்சம் இருப்பது 1999 பத்தாம் வகுப்புக் குழுப் புகைப்படம் மட்டும். பின்னால் சுவர் தெரிகிறது. அதை ஸ்கேன் செய்து மென்பொருளிடம் கொடுத்தால் எழுத்தின் ஓரத்தைத் தானே கோடாக்கித் தருகிறது. ஆனால் சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்பு எல்லாம் சேர்ந்து ஒரே ‘க’வில் நூற்றுக்கணக்கான புள்ளிமுனைகள். அப்படியே கொடுத்தால் கத்தி ஒவ்வொரு முனையிலும் தயங்கித் தயங்கி வினைலைப் பிய்த்துவிடும். கன்ட்ரோலும் எல்லும் சேர்த்து அழுத்தினால் முனைகள் குறைகின்றன. இரண்டு முறை அழுத்தினேன், அவர் தூரிகையைத் தூக்கும் இடத்தில் விடும் அந்தக் கூர்வால் மழுங்கிப்போனது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, புகைப்படத்தை அடியில் வைத்து, ஒவ்வொரு வளைவாக நானே கோடு இழுத்தேன். பதினோரு நாள் ஆயிற்று.

ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவனும் நம் மாணவன்தான். முதல் தடவை கோப்பைப் பார்த்ததும், “சார், ‘நூ’வில் ரெண்டு கோடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. கத்திக்கு வண்ணம் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். நடுவுல அறுத்துடும், யூனியன் போடுங்க” என்றான். போட்டேன். வெட்டியும் பார்த்தோம். தேவையில்லாத வினைலை அவன் உரிக்கும்போது ‘க்’, ‘ம்’ புள்ளிகள் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டன. “புள்ளி ரொம்பச் சின்னது சார், பிடிப்பு இல்ல. கொஞ்சம் பெருசாக்கிக்கிட்டு வாங்க.” புள்ளி வைக்காததற்காக அவனுக்கு நான் எத்தனை அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்! அவனுக்கும் அது ஞாபகம் இருந்திருக்கும் போல, குனிந்து சிரித்தான்.

எல்லாம் சரியாயிற்று, ஓர் எழுத்தைத் தவிர. ‘அமைதி’யின் ‘மை’யைப் பின்வரிசைத் தலை ஒன்று மறைக்கிறது. யாரென்று சொல்ல மாட்டேன், அந்த வகுப்பின் உயரமானவன் என்றாலே தெரிந்துவிடும். ‘ம’வை ‘நூலகம்’ என்பதிலிருந்து எடுத்துக்கொண்டேன். முன்னால் வரும் இணைக்கொம்புக்கு எங்கே போவது? நானே வரைந்து பார்த்தேன். என் கையெழுத்துப் போல இருக்கிறது, அவருடையது போல இல்லை.

ஆகவே ஓர் உதவி. அவர் உங்கள் ஓவிய நோட்டின் அட்டையில் பெயர் எழுதித் தந்திருப்பார், ஆண்டு விழாப் பலகை எழுதியிருப்பார். பரணில் தேடிப் பாருங்கள். கை, தை, பை, மை, வை எதுவானாலும் சரி. லை, னை, ளை, ணை மட்டும் உதவாது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் அவர் அந்த நான்கையும் துதிக்கை வளைத்த பழைய முறையில்தான் எழுதுவார், நான் சொல்லியும் மாற்றவில்லை.

கிடைத்தால் நேராக மேலிருந்து, நிழல் விழாமல் படம் எடுத்து அனுப்புங்கள். கடைக்காரன் இன்னும் பத்து நாள் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.