விருந்தினரின் கண்கள்

ஃபிளாரன்ஸ் செல்லும் திருப்பயணியர், புருனெலெஸ்கி 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்த பேராலயக் குவிமாடத்தை அண்ணாந்து நோக்கி வியக்கின்றனர். அந்நகரின் புனித மாற்கு மடத்திலோ வியப்பு அமைதியாக மாறுகிறது. தொமினிக்கன் துறவி ஃபிரா ஆஞ்சலிக்கோ அங்கே சிற்றறைச் சுவர்களில் ஆண்டவரின் பாடுகளையும் மங்கள வார்த்தையையும் தீட்டினார். அவை செபிக்கும் துறவியருக்காகத் தீட்டப்பட்டவை. இன்று அருங்காட்சியகமாகிவிட்ட அம்மடத்தில் பார்வையாளர் அனைவரும், எச்சமயத்தவராயினும், பிறர் செபித்த இடத்தின் விருந்தினரே.

இராஜபாளையத்தில் வாழும் நமக்கு அருகிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் பதினொரு நிலைகளுடன் 192 அடி உயர்ந்து நிற்கிறது. பேருந்தில் கடந்துபோகும் நாம், பால்கோவா வாங்க இறங்குவோமேயன்றி அதை நிமிர்ந்து நோக்குவதில்லை. “ஃபாதர், நாம் அதை வியப்பது பாவமாகாதா?” என்று நம்மிடம் கேட்டவரும் உண்டு.

வியத்தல் வேறு, வழிபடுதல் வேறு. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானது எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்து அக்கோபுரத்தை எழுப்பிய கைகளுக்குத் திறனளித்தவரும் நம் படைத்தவரே அல்லவா? மாலை தொடுத்த ஆண்டாளின் அன்பை அண்டை வீட்டார் இன்றும் ஆடிப்பூரத் தேராக இழுக்கின்றனர். அவ்வன்பை அறியாமல் அவர்களோடு நல்லுறவு பேசுவது எங்ஙனம்?

நம் ஆலயத்தில் பிறர் எவ்வாறு நிற்க வேண்டுமென விரும்புகிறோமோ, அவ்வாறே நாமும் அக்கோபுர நிழலில் சற்றுநேரம் நிற்போம், அன்பர்களே.