ஸனதும் முத்திரையும்

அரபு மத்ரஸாக்களில் ஓதி முடித்தோர்க்கு அளிக்கப்பெறும் பட்டயத்துக்கு ‘ஸனது’ என்று பெயர். சாய்ந்து நிற்கத் தக்க ஆதாரம் என்பது அச்சொல்லின் மூலப் பொருள். ஹதீஸ் கலையில், ஒரு செய்தியை யாரிடமிருந்து யார் கேட்டார் என்று வரிசையாகக் கூறிச் செல்லும் அறிவிப்பாளர் தொடருக்கும் அதுவே பெயர். வெளிநாட்டு வேலைக்காகக் கல்விச் சான்றிதழ்களுக்கு அரசு முத்திரை பெறும் முறையை அருகிருந்து கண்டபோது, முப்பது ஆண்டுகளாக நான் கற்பித்து வரும் அந்தத் தொடர்தான் நினைவில் எழுந்தது.

மேட்டூரில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பட்டம் பெற்றவர். ஊரிலுள்ள ஆலையொன்றில் ஒப்பந்தக் கூலியாக உழைத்து வந்தார். சவூதி அரேபியாவில் ஆய்வுக்கூடப் பணியொன்று கைகூடி வந்தது. பட்டச் சான்றிதழை முறைப்படி உறுதி செய்து இரண்டு மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. தந்தையை இழந்து, இரு தங்கையரைக் கரைசேர்க்க வேண்டிய பிள்ளைக்கு அந்த வேலை எத்தகையது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

உறுதி செய்யும் முறை இதுதான். பட்டத்தைத் தான் அளித்ததாகப் பல்கலைக்கழகம் முதலில் உறுதி கூறும். அதன்மேல் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை அலுவலர் கையொப்பமிடுவார். அக்கையொப்பத்தைச் சரிபார்த்து இந்திய வெளியுறவு அமைச்சகம் முத்திரையிடும். அமைச்சகம் தாள்களை மக்களிடம் நேரில் பெறுவதில்லை. தான் அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகவே பெறுகிறது. 1961 அக்டோபர் 5ஆம் நாள் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இத்துடன் காரியம் முடிந்தது. பத்து இனங்கள் எண்ணிட்ட ‘அப்போஸ்டில்’ என்னும் சதுரச் சீட்டு ஒன்றே போதும். இந்தியாவில் அவ்வுடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓமானில் 2012இலும், பஹ்ரைனில் 2013இலும், சவூதி அரேபியாவில் 2022 டிசம்பர் 7 முதலும் நடைமுறைக்கு வந்தது. சேராத நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்திய கையொப்பத்துக்கே சாட்சி சொல்கிறது. ஒப்பமிட்டவர் இன்னார், இன்ன பதவியினர் என்பதன்றி, தாளில் எழுதியுள்ள செய்தி உண்மை என்று அப்போஸ்டில் சொல்வதில்லை. ஹதீஸ் அறிஞர்களோ தொடர் அறுபடாதிருப்பதோடு நின்றுவிடவில்லை. ஒவ்வோர் அறிவிப்பாளரின் நாணயத்தையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தார்கள். செய்தியின் உள்ளடக்கத்தையும் நிறுத்துப் பார்த்தார்கள். எனினும் ஒன்றில் இரு துறையும் ஒத்துப்போகின்றன. இடையில் ஒரு கண்ணி பொய்யானால், அதன்மேல் எத்தனை பெரியவர் நின்றாலும் தொடர் நில்லாது. குறுக்கு வழியில் முத்திரை வாங்கித் தருவோரை நம்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவர்க்குத் தடை வந்தது பெயரில். ‘காதிர்’ என்ற அரபுப் பெயரை எடுத்துக்கொள்வோம். அரபியில் அதற்கு ஒரே எழுத்துக்கோவைதான். தமிழில் காதர் என்கிறோம், காதிர் என்கிறோம். ஆங்கிலத்தில் எழுதுவோர் அவரவர் செவிக்கேற்ப எழுதுகின்றனர். இவர் பெயரும் அவ்வாறே பட்டச் சான்றிதழில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் இருந்தது. போதாக்குறைக்கு, ஒன்றில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக நின்றது. மற்றொன்றில் முழுப் பெயராக விரிந்திருந்தது. தரகர் ஒருவர் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகப் பணம் பெற்று, மூலச் சான்றிதழையும் ஒன்றரை மாதம் தம்மிடமே வைத்திருந்தார். ஜமாஅத்தார் நால்வருடன் நானும் சென்றுதான் அதை மீட்டோம். அதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. பின்னர்ப் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே கடவுச்சீட்டைத் திருத்தி, தாமே படிப்படியாக முத்திரைகளைப் பெற்று, ஏழு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்துக்குப் புறப்பட்டார். அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் பெறும் கட்டணம் ஆவணம் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று அறிந்தபோது, தரகரிடம் கொடுத்த தொகையை எண்ணி அவருடைய தாயார் அழுதார்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று. கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றியது. எழுத்துக்கும் சாட்சிக்கும் இவ்வளவு மதிப்பளிக்கும் மார்க்கத்தில் பிறந்த நாம், வீட்டிலுள்ள தாள்களை அலட்சியமாக வைத்திருப்பது பொருந்தாது. சான்றிதழ்களுக்கு நிரந்தரப் பிளாஸ்டிக் உறை ஒட்டாதீர்கள். அதன்மேல் முத்திரை பதியாது. மூலத்தைக் கொடுக்கும்போது கையொப்பமிட்ட ரசீது கேளுங்கள். போகும் நாடு உடன்படிக்கையில் சேர்ந்ததா என்பதை முதலில் விசாரியுங்கள். இணையவழியே உறுதி செய்யும் ஏற்பாட்டுக்கு அரசு சூட்டியிருக்கும் பெயர் ‘இ-ஸனத்’. நம் மத்ரஸாச் சொல் தில்லி வரை சென்று திரும்பியிருக்கிறது!

எல்லாவற்றினும் மேலாக, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் பெயரை யாரோ எழுதட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் முத்திரைகள் யாவும் அந்த ஒரு வரியின் மேல்தான் சாய்ந்து நிற்கப் போகின்றன.