நானுஓயாப் புகையிரத நிலையத்திலே

நுவரெலியாவிற்குப் புகையிரதத்திற் செல்வோர் இறங்குமிடம் நானுஓயா. ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில், தேயிலைச் சரிவுகளிடையே அமைந்த சிற்றூர். இதற்குப் பெயர் தந்த ஆறு கொத்மலை ஓயாவிற் கலந்து, மகாவலியுடன் சேர்ந்து, திருகோணமலைக் கடலை அடைகின்றது.

இருப்புப்பாதை 1885 இல் இங்கு வந்தது. பதுளையை 1924 இலேதான் எட்டியது. மலையைக் குடைவது எளிதா? இங்கிருந்து கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடிய சிறு புகையிரதம் 1940களில் நின்றுபோயிற்று. எம்முடன் வந்த மாணவர்க்கு அதிற் பெருங்குறை!

எம்மை நெடுநேரம் நிறுத்தியதோ இந்நிலையத்தின் மேடை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 இல் எழுந்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. புறப்பட்ட குடும்பங்கள் இத்தகைய மலைநாட்டு நிலையங்களிலேதான் உற்றாரைப் பிரிந்து, தலைமன்னாரிற் கப்பலேறின.

மேடையில் அமர்ந்திருந்த முதியவரொருவர் தம் தமக்கையை இங்குதான் வழியனுப்பினாராம்.

“கோச்சி அந்த வளைவுல மறையிற வரைக்கும் கையைக் காட்டிக்கிட்டே போச்சுங்க, ஐயா,” என்றார்.

திருச்சியிலிருந்து சில காலம் கடிதங்கள் வந்தனவாம்.