ஒரு மாடி அம்மாவுக்கு, ஒரு மாடி பிள்ளைக்கு

பிரசவ வார்டு ஒரு மாடியில். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இன்னொரு மாடியில். பல மருத்துவமனைகளில் இப்படித்தான். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு கண்ட தாய் கீழே கிடக்க, எட்டாம் மாதத்திலேயே பிறந்த ஒன்றரை கிலோ பிள்ளை மேலே கிடக்கும். நடுவில் ஓடுவது நர்ஸ்தான்.

தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் போகும். வலிப்பை அடக்கும் மருந்து. அளவு மிஞ்சினால் மூச்சையும் அடக்கிவிடும். அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஊசி போடுமுன் சிஸ்டர் முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டிப் பார்ப்பார். கால் துள்ள வேண்டும். நிமிடத்துக்கு 16 மூச்சாவது வேண்டும். நாலு மணி நேரத்தில் 100 மில்லி சிறுநீராவது இறங்கியிருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஊசி நிற்கும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கை, கண், கடிகாரம்.

கண் விழித்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்: "என் புள்ள எங்க சிஸ்டர்?"

"மேல நல்லா பாத்துக்கிறாங்கம்மா" என்று சொல்லிவிட்டு நகரலாம். அனுபவமுள்ள சிஸ்டர், கழுவிய சின்னக் கிண்ணத்தோடு வருவார். "நீ போறதுக்கு முன்னால உன் பால் போகட்டும்." பிழிந்தால் வருவது சில சொட்டு சீம்பால். இவ்வளவுதானா என்று அழுகிற தாய்மார்கள் உண்டு. மாமியார் பவுடர் பால் வாங்கி வரவா என்பார். வேண்டாம், அந்த வயிற்றுக்கு இன்றைக்கு அது போதும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விட 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரியாது. முதலில் குழாய், பிறகு பாலாடை.

இந்த இரண்டு மாடி அவசியம்தானா? கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-ல், இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு பராமரிப்பு அப்படிப் பிறந்தது. ஆனாலும் குழந்தை தேறிய பிறகுதான் என்பது வெகுகாலம் விதியாக இருந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு, பிறந்த உடனேயே மார்பில் சேர்த்தால் இறப்பு கால் பங்கு குறைவதைக் காட்டியது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரையை மாற்றியது: தினம் 8 மணி நேரமாவது, முடிந்தவரை பிறந்த கணத்திலிருந்து.

அதற்குத் தாயின் கட்டிலைக் குழந்தைப் பிரிவுக்குள் கொண்டுபோக வேண்டும். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் அப்படி ஒரு பிரிவே உண்டு. கட்டில் போடுவது சுலபம். அங்கே தாயின் ரத்த அழுத்தத்தை யார் பார்ப்பது, பிரசவ வார்டு நர்ஸா, குழந்தைகள் நர்ஸா? இரண்டும் தெரிந்த நர்ஸ்கள் வேண்டும், போதிய எண்ணிக்கையிலும் வேண்டும். சிக்கல் அங்கேதான்.

அதுவரை, தாய் எழ முடியாத நாட்களில் பாட்டியோ அப்பாவோ மார்பு கொடுக்கலாம். சட்டையைக் கழற்றச் சொன்னால் அப்பாக்கள் கூச்சப்படுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளையைக் கொடுங்கள் என்றால், "இன்னும் கொஞ்ச நேரம் சிஸ்டர்" என்கிறார்கள்.