இரண்டு வருஷ அவகாசம்

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்குப் போகும் அப்பா. எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படிக்கும் மகள். சாஃப்ட்வேர் கம்பெனி வேலை கையில் இருக்கிறது. அவளுக்கோ, சிப் வடிவமைக்கும் சின்ன நிறுவனத்தில் சேர ஆசை. சம்பளம் பாதிதான்.

“அந்த ரிஸ்க்-ஃபைவுக்கு மார்க்கெட் இருக்காம்மா?” என்று கேட்டார் அப்பா.

மகள் எதையும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டரில் இன்டெல், ஏஎம்டியின் எக்ஸ்86 வேரூன்றிவிட்டது. செல்போனில் ஏறக்குறைய எல்லாமே ஆர்ம்தான். சாஃப்ட்வேர்கள் அவற்றுக்காகவே எழுதப்பட்டிருப்பதால் அசைப்பது கடினம். ஆனால் ஆர்ம் வடிவமைப்புக்கு லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் அனைவருக்கும் திறந்தது. அதை வைத்து யார் வேண்டுமானாலும் சிப் வடிவமைக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ அப்படி வந்ததுதான். 2018-ல் சக்தி சிப் ஒன்று சண்டிகர் அருகே இருக்கும் நம் நாட்டு ஆலையிலேயே தயாரானது. செல்போனில் நுழைய நாளாகும். மின் மீட்டர், கேமரா போன்ற கருவிகளில் சீக்கிரம் இடம் கிடைக்கலாம்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தோலைப் பதம் பண்றது நாம. ஷூ தைக்கிறதும் நாம. மேல இருக்கிற பேரு மட்டும் வெளிநாட்டுக்காரனோடது. நீ சொல்றது புரியுது. ஆனா படிப்புக் கடன் இருக்குதே?”

“மாசா மாசம் நானே கட்டிடுவேன்ப்பா. வீட்டுக்குத்தான் பணம் தர முடியாது.”

“சரி, ரெண்டு வருஷம். தம்பி காலேஜ் சேர்றதுக்குள்ள காலூன்றிக்கோ.”